கிணற்றில் பெட்ரோல் வாடை: நிலத்தடி எரிபொருள் மாசைத் தோண்டாமல் அகற்றுவதற்கான முழுமையான வழிகாட்டி

2013ஆம் ஆண்டு வடசென்னையின் தண்டையார்பேட்டையில், வீட்டு ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து இறைத்த தண்ணீரில் எரிபொருள் கலந்து வந்தது. தரைக்கடியில் செல்லும் எண்ணெய்க் குழாயின் கசிவே காரணம் என்று கண்டறியப்பட்டு, விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. அந்தப் பகுதியின் தெருக்களை அறிந்தவர்களுக்கு, கெட்டுப்போன மண்ணைத் தோண்டி எடுத்துவிடலாம் என்ற யோசனை ஏன் உதவாது என்பது சொல்லாமலே விளங்கும். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், கோயில்கள், கடைகள், இவற்றுக்கு நடுவே நெரிசலான சாலை என்று இருக்கும் இடத்தில், பல மீட்டர் ஆழத்திலுள்ள மண்ணை அள்ளுவதற்கு முதலில் ஊரையே காலி செய்ய வேண்டியிருக்கும். ஆகவே மண்ணையும் நீரையும் அவை இருக்கும் இடத்திலேயே வைத்துத் துப்புரவு செய்யும் முறைகள்தான் இத்தகைய இடங்களுக்குப் பொருந்துகின்றன.

மணலும் களிமண்ணும் மாறி மாறிப் படிந்த, நீர்மட்டம் அதிக ஆழத்தில் இல்லாத கடலோரப் பகுதிகளை மனத்தில் வைத்து இந்த வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது. உள்ளாட்சிப் பொறியாளர்கள், பெட்ரோல் பங்க் நடத்துபவர்கள், குடியிருப்போர் நலச் சங்கத்தினர் ஆகிய மூவரும் ஒரே பக்கத்தைப் படித்து ஒரே மேசையில் பேச முடிய வேண்டும் என்பது என் விருப்பம். பாறை நிலத்துக்கு இதை அப்படியே பொருத்தக் கூடாது. யாழ்ப்பாணத்தின் சுன்னாகத்தில் மின் நிலைய எண்ணெய்க் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்தது தொடர்பான வழக்கில் இலங்கை உச்ச நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. அங்கே நீர் ஓடுவது சுண்ணாம்புக் கல்லின் பிளவுகளிலும் பொந்துகளிலும் என்பதால், மணலில் பலிக்கும் கணக்குகள் பல அங்கே பலிக்காது. அந்த வேறுபாடு முக்கியமாகும் இடத்தில் மீண்டும் குறிப்பிடுகிறேன்.

வாடை தெரிந்த முதல் நாள்

துப்புரவைத் தொடங்குவதற்கு முன் உயிர்களைக் காக்க வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. கிணற்றுக் குழி, சம்ப், பாதாளச் சாக்கடை, படிக்கட்டின் அடிப்பகுதி போன்ற தாழ்ந்த இடங்களில் அது தேங்கும். காற்றில் ஏறத்தாழ 1.4 சதவீதம் அளவுக்குச் சேர்ந்துவிட்டால் ஒரு சிறு பொறி போதும், தீப்பற்றும். எனவே வாடை அடிக்கும் கிணற்றின் மோட்டார் சுவிட்சைத் தொடாமல், மின்சாரத்தை வீட்டின் வெளியே, வாடை இல்லாத இடத்திலிருந்து துண்டிக்கச் செய்ய வேண்டும். குழிக்குள் ஒருவரையும் இறக்கக் கூடாது. தீயணைப்புத் துறைக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் அன்றைக்கே எழுத்து வடிவில் தெரிவிக்க வேண்டும்.

அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை பல வீடுகளில் உண்டு, அது ஆபத்தானது. கொதிக்கும்போது, எரிபொருளிலுள்ள பென்சீன் என்ற எளிதில் ஆவியாகும் வேதிப்பொருள் நீரை விட்டு அடுக்களைக் காற்றில் கலக்கிறது. அடுப்பருகே நிற்பவர் அதைச் சுவாசிக்கிறார். மூடிய குளியலறையில் வெந்நீர்க் குளியலும் இதே தீங்கைத் தரும். பென்சீன் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்ட ஒன்று. குடிநீரில் அது லிட்டருக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. வேலை முடியும்வரை அந்தத் தெருவுக்கு லாரித் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ தடையின்றிக் கிடைக்கச் செய்வது துப்புரவுத் திட்டத்தின் முதல் செலவாக இருக்க வேண்டும்.

அடுத்தது கசிவை நிறுத்துவது. இதைச் சொல்லவே தேவையில்லை என்று தோன்றலாம். ஆனால், தொட்டியிலும் குழாயிலும் அழுத்தச் சோதனை செய்து, வந்த எரிபொருளுக்கும் விற்ற எரிபொருளுக்கும் உள்ள கணக்கு வேறுபாட்டைப் பார்த்து, கசிவு நின்றுவிட்டது என்று எழுத்தில் உறுதி பெறாமல் வேறு எந்தச் செலவும் செய்யக் கூடாது.

எண்ணெய் எங்கே இருக்கிறது என்று அறிதல்

முழு வேலையிலும் அதிகக் கவனம் கோருவது இந்தப் படிதான். இதில் செய்யும் தவறு பின்னால் வரும் எல்லாவற்றையும் கெடுத்துவிடும் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

மண்ணுக்குள் கசிந்த எரிபொருள் நான்கு வடிவங்களில் இருக்கும். தண்ணீரைவிட இலேசானதால் ஒரு பகுதி நீர்மட்டத்தின் மேல் மிதக்கும். ஒரு பகுதி மண் துகள்களின் இடுக்குகளில் சிக்கி, எந்தப் பம்பாலும் இழுக்க முடியாதபடி நின்றுவிடும். ஒரு சிறு பகுதி நீரில் கரைந்து நீரோட்டத்தோடு நகரும். மற்றொரு பகுதி ஆவியாகி, நீர்மட்டத்துக்கு மேலே உள்ள உலர்ந்த மண்ணின் துளைகளில் பரவி, வீடுகளின் தரைவிரிசல் வழியாக உள்ளே வரும். மக்கள் கண்ணுக்குப் படுவது மிதக்கும் எண்ணெய். உடல்நலத்தைக் கெடுப்பது கரைந்ததும் ஆவியானதும். ஆண்டுக்கணக்கில் அவற்றுக்குத் தீனி போட்டுக்கொண்டே இருப்பது மண்ணில் சிக்கியது.

நம் ஊரில் இதை மேலும் சிக்கலாக்குவது பருவமழை. கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது மிதக்கும் எண்ணெயும் கூடவே இறங்கி, வழியிலுள்ள மண்ணிலெல்லாம் பூசிக்கொண்டு போகிறது. வடகிழக்குப் பருவமழையில் நீர்மட்டம் ஏறும்போது அந்த எண்ணெயில் பெரும்பகுதி நீருக்கடியிலேயே அகப்பட்டுக்கொள்கிறது. அதனால் கார்த்திகை மாதத்தில் கிணற்றில் எண்ணெய்ப் படலம் காணாமல் போகும். சித்திரையில் திரும்ப வரும். மழைக்காலத்தில் எடுத்த மாதிரியைக் காட்டி எண்ணெய் போய்விட்டது என்று அறிவிப்பதும், கோடையில் படலத்தைப் பார்த்துப் புதிதாகக் கசிகிறது என்று அஞ்சுவதும் இந்த ஏற்ற இறக்கத்தை அறியாததால் வரும் பிழைகள். கோடையின் மிகத் தாழ்ந்த நீர்மட்டத்துக்கும் மழைக்காலத்தின் மிக உயர்ந்த நீர்மட்டத்துக்கும் இடையிலுள்ள, எண்ணெய் பூசப்பட்ட மண் பட்டைதான் நாம் துப்புரவு செய்ய வேண்டிய உண்மையான இடம்.

வீட்டுப் போர்வெல்லில் எடுக்கும் மாதிரி இதை அறியப் போதாது. நீர் உள்ளே வரும் அதன் துளையிட்ட குழாய்ப் பகுதி பெரும்பாலும் நீர்மட்டத்துக்கு வெகு கீழே இருக்கும். மிதக்கும் எண்ணெயை அது காட்டாமலே விடக்கூடும். கண்காணிப்புக்கென்றே தனிக் கிணறுகள் வேண்டும். அவற்றின் துளையிட்ட குழாய்ப் பகுதி, கோடை மட்டத்துக்குக் கீழிருந்து மழைக்கால மட்டத்துக்கு மேல்வரை நீண்டிருக்க வேண்டும். நீரோட்டத்தின் திசையை அறிய ஒரே நேர்க்கோட்டில் அமையாத மூன்று கிணறுகளாவது தேவை. அவற்றின் நீர்மட்டங்களைக் கடல்மட்ட அளவோடு ஒப்பிட்டால் திசை கிடைத்துவிடும். ஆனால் பக்கத்து அடுக்குமாடிக் கட்டடத்தின் போர்வெல் நாள் முழுவதும் ஓடுகிறது என்றால் திசை அதன் பக்கமாகத் திரும்பியிருக்கும். ஆகவே சுற்றிலுமுள்ள மோட்டார்கள் ஓடும் நேரங்களையும் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். இந்த விவரத்தைத் தெருவாசிகளைத் தவிர வேறு யாராலும் சரியாகச் சொல்ல முடியாது.

கிணறு தோண்டும்போதே அரை மீட்டருக்கு ஒரு மண் மாதிரி எடுத்து, ஆவியளக்கும் கைக்கருவியால் சோதித்து, எந்த ஆழத்தில் எண்ணெய் தொடங்கி எங்கே முடிகிறது, களிமண் அடுக்கு எங்கே குறுக்கிடுகிறது என்று ஒரு குறுக்குவெட்டுப் படம் வரைய வேண்டும். அந்தப் படம் இல்லாமல் ஒப்பந்தப்புள்ளி கோருவதை நான் ஏற்கமாட்டேன். கிணற்றுக்குள் மிதக்கும் எண்ணெயின் கனத்தை மண்ணில் உள்ள எண்ணெயின் கனம் என்று எடுத்துக்கொள்வதும் தவறு. கிணற்றில் அது பெரும்பாலும் பல மடங்கு மிகையாகவே தெரியும். சாக்கடைக் குழாய், மழைநீர் வடிகால், தொலைபேசிக் கம்பிப் பள்ளம் ஆகியவற்றைச் சுற்றி இட்டு நிரப்பிய தளர்ந்த மணல் வழியே ஆவியும் எண்ணெயும் எதிர்பாராத திசையில் போகும் என்பதால், அந்த வரைபடங்களை மாநகராட்சியிடமிருந்து பெற்றுக் குறுக்குவெட்டுப் படத்தோடு சேர்த்துப் பார்ப்பது அவசியம்.

கசிந்தது பெட்ரோலா டீசலா என்பதையும் ஆய்வகத்தில் பிரித்தறிய வேண்டும். இந்தியாவில் இப்போது விற்கும் பெட்ரோலில் பென்சீன் 1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. ஆயினும் தூய பென்சீன் லிட்டருக்கு ஏறத்தாழ 1,800 மில்லிகிராம் வரை நீரில் கரையக் கூடியது. அதில் நூற்றில் ஒரு பங்கு என்று தோராயமாகக் கணக்கிட்டாலும், அந்தப் பெட்ரோலைத் தொட்டுக்கொண்டிருக்கும் நீரில் லிட்டருக்கு 18 மில்லிகிராம் சேரலாம்; குடிநீர் வரம்பைப் போல அது 1,800 மடங்கு. டீசலில் பென்சீன் மிகக் குறைவு. ஆனால் அது எளிதில் ஆவியாகாது என்பதால் சிகிச்சை முறை மாறுகிறது.

மிதக்கும் எண்ணெயை எடுத்தல்

கிணற்றில் தொடர்ந்து எண்ணெய் ஊறி வரும்வரை, மேற்படலத்தை மட்டும் வழிக்கும் பம்பைக் கொண்டு எடுக்க வேண்டும். நீரையும் சேர்த்து வேகமாக இறைத்தால் கிணற்றைச் சுற்றி நீர்மட்டம் குழிந்து, எண்ணெய் இதுவரை நனையாத ஆழத்துக்கும் இறங்கி அங்கே பூசிக்கொள்ளும். வெற்றிடப் பம்பால் எண்ணெயையும் ஆவியையும் ஒரே குழாயில் மென்மையாக உறிஞ்சும் முறை இந்தக் குறையைப் பெருமளவு தவிர்க்கிறது. கோடையின் முடிவில், நீர்மட்டம் தாழ்ந்து எண்ணெய் விடுபட்டு மிதக்கும் வாரங்களில், இந்த வேலைக்குப் பலன் அதிகம். நாள்காட்டியைப் பார்த்து வேலையைத் திட்டமிட வேண்டும்.

பம்பால் எடுக்க முடிவது ஓரளவுதான் என்பதை எல்லோரும் முன்பே ஏற்றுக்கொள்வது நல்லது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் பெமிட்ஜி நகருக்கு அருகே 1979 ஆகஸ்டில் ஒரு குழாய் வெடித்து ஏறத்தாழ 17 லட்சம் லிட்டர் கச்சா எண்ணெய் கொட்டியது. இயன்றதையெல்லாம் எடுத்த பிறகும் சுமார் 4 லட்சம் லிட்டர் மண்ணிலேயே தங்கிவிட்டது. அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் பல பத்தாண்டுகளாக அந்த இடத்தைத் தொடர்ந்து கவனித்துவருகிறது. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் யாரும் கேட்காமலே எண்ணெயைத் தின்கின்றன என்பதையும், அவற்றுக்கு எவ்வளவு காலம் பிடிக்கிறது என்பதையும் உலகம் பெரிதும் அங்கிருந்துதான் கற்றுக்கொண்டது.

காற்றை வேலைக்கு அமர்த்துதல்

எரிபொருளைத் தின்னும் நுண்ணுயிர்களை வெளியிலிருந்து வாங்கிவந்து விட வேண்டியதில்லை. ஏறக்குறைய எல்லா மண்ணிலும் அவை உள்ளன. எண்ணெய் கசிந்த சில வாரங்களில் அவை பெருகி, கிடைத்த ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டு, மூச்சு முட்டிய நிலையில் மிக மெதுவாக இயங்கிக்கொண்டிருக்கும். குப்பியில் அடைத்த நுண்ணுயிர்க் கரைசலை விற்க வருபவர்களிடம், இந்த மண்ணில் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது என்று அளந்தீர்களா என்று முதலில் கேளுங்கள்.

ஒரு கிலோ எரிபொருளை முழுமையாகச் சிதைக்க ஏறத்தாழ மூன்றரைக் கிலோ ஆக்சிஜன் வேண்டும். ஒரு கன மீட்டர் காற்றில் ஆக்சிஜன் கால் கிலோவுக்குச் சற்று அதிகம்; ஆகவே 13 கன மீட்டர் காற்று போதும். அதே ஆக்சிஜனைக் காற்று கலந்த தண்ணீர் வழியாகக் கொடுக்க முயன்றால், லிட்டருக்கு 8 மில்லிகிராம் மட்டுமே கரையும் என்பதால், நான்கு லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீரை மண்ணுக்குள் செலுத்த வேண்டும். இந்த ஒரு கணக்கே முறையைத் தீர்மானித்துவிடுகிறது: நீர்மட்டத்துக்கு மேலுள்ள மண்ணுக்குத் தண்ணீரை அல்ல, காற்றைக் கொடுக்க வேண்டும்.

பெட்ரோலாக இருந்தால் முதலில் மண்ணின் ஆவியை உறிஞ்ச வேண்டும். எண்ணெய்ப் பட்டைக்குச் சற்று மேலே துளையிட்ட குழாய்களை நட்டு, ஊதுவிசிறியால் வெற்றிடம் உண்டாக்கினால், சுற்றியுள்ள மண்ணிலிருந்து ஆவி குழாயை நோக்கி வரும். அதன் இடத்தைப் புதுக்காற்று நிரப்பும். முழு அமைப்பையும் நிறுவும் முன் ஒரே ஒரு குழாயில் சில நாள் சோதனை நடத்தி, எத்தனை மீட்டர் தொலைவுவரை வெற்றிடம் உணரப்படுகிறது என்று சுற்றுக் கிணறுகளில் அளந்து, அதைக் கொண்டு குழாய்களின் இடைவெளியை முடிவு செய்ய வேண்டும். தார்ச்சாலையும் சிமென்ட் தரையும் மூடிபோல் அமைந்து, காற்று மேலிருந்து நேராக உள்ளே புகாமல் தடுப்பதால், நெருக்கமான தெரு இந்த வகையில் நமக்கு உதவவே செய்கிறது. உறிஞ்சிய ஆவியை அப்படியே வானில் விடக் கூடாது. செறிவு அதிகமான தொடக்க மாதங்களில் எரிகலத்திலும், பிறகு கிளர்வூட்டிய கரித்தூள் கலன்களிலும் அதைச் சுத்தம் செய்து, வெளியேறும் காற்றில் உள்ள பென்சீன் அளவை வாரந்தோறும் தெருவாசிகளுக்குத் தெரியும்படி எழுதி ஒட்ட வேண்டும். மின்சாதனங்கள் அனைத்தும் வெடிப்புத் தடுப்பு வகையைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும்.

ஆவி குறைந்த பிறகு, அல்லது கசிந்தது டீசல் என்றால் தொடக்கத்திலிருந்தே, விசிறியின் வேகத்தைக் குறைத்து, நுண்ணுயிர்கள் மூச்சுவிடப் போதுமான காற்றை மட்டும் செலுத்தும் முறைக்கு மாறலாம். மண்துளைக் காற்றில் ஆக்சிஜன் 5 சதவீதத்துக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். வேலை நடக்கிறதா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு: விசிறியை நிறுத்திவிட்டு, அடுத்த சில நாள்களுக்கு மண்துளைக் காற்றில் ஆக்சிஜன் எவ்வளவு வேகமாகக் குறைகிறது, கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு ஏறுகிறது என்று அளக்க வேண்டும். மாசில்லாத மண்ணில் அது அதிகம் மாறாது. எண்ணெய் உள்ள மண்ணில் விரைவாகக் குறையும். அந்த வேகத்திலிருந்து நாளொன்றுக்கு எத்தனை கிராம் எண்ணெய் சிதைகிறது என்று கணக்கிட்டுவிடலாம். நம் மண் ஆண்டு முழுவதும் சூடாக இருப்பதால், குளிர்நாடுகளின் கையேடுகளில் உள்ள வேகத்தைவிட இங்கே சிதைவு விரைவாக நடக்க இடமுண்டு.

நீருக்கடியில் அகப்பட்ட எண்ணெய்

நீர்மட்டத்துக்குக் கீழே சிக்கிய எண்ணெய்க்குக் காற்றூட்டல் என்ற முறை பயன்படுகிறது. மாசுபட்ட பட்டைக்கு ஒன்றிரண்டு மீட்டர் கீழே குறுகிய துளைப்பகுதி கொண்ட குழாயை நட்டு அழுத்தக் காற்றைச் செலுத்தினால், காற்று மணல் இடுக்குகள் வழியாக மேலேறி, எளிதில் ஆவியாகும் பொருள்களை நீரிலிருந்து பிரித்துக்கொண்டு போகும். போகிற வழியில் ஆக்சிஜனையும் விட்டுச் செல்லும். துளைப்பகுதி நீர்மட்டத்துக்கு 3 மீட்டர் கீழே இருந்தால், நீரின் எடையைத் தள்ளவே 0.3 பார் அழுத்தம் வேண்டும். மண்ணுக்குள் நுழைய அதற்கு மேல் சிறிது சேர்க்க வேண்டும். காற்று போதவில்லை என்று அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போனால் மண் பிளந்து, பிறகு காற்று முழுவதும் அந்த ஒரு பிளவு வழியாகவே போய்விடும். இடைவிடாமல் ஓட்டுவதைவிடச் சில மணி நேரம் ஓட்டிச் சில மணி நேரம் நிறுத்துவது நீரை நன்றாகக் கலக்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். மேலே ஆவி உறிஞ்சும் அமைப்பு ஓடாதபோது காற்றூட்டலை ஓட்டக் கூடாது; ஓட்டினால் நீரிலிருந்து பிரிந்த பென்சீன் வீடுகளுக்குள் ஏறும். இரண்டும் ஒரே கட்டுப்பாட்டுப் பெட்டியில் இணைந்திருந்து, உறிஞ்சல் நின்றால் காற்றூட்டலும் தானாக நிற்க வேண்டும். அடுத்து, எண்ணெய்க்கு மேலே களிமண் அடுக்கு இருந்தால் காற்று அதன் அடியில் தேங்கிப் பக்கவாட்டில் பரவி, மாசையும் ஆவியையும் தூரத்துக்குக் கொண்டுபோய்விடும். குறுக்குவெட்டுப் படத்தை நான் வலியுறுத்தியதற்கு இதுவும் ஒரு காரணம்.

காற்று புகாத இடங்களில் வேதிப்பொருள்களைச் செலுத்தலாம். கால்சியம் பெராக்சைடு, மக்னீசியம் பெராக்சைடு ஆகியவை மாதக்கணக்கில் மெதுவாக ஆக்சிஜனை விடும். பெர்சல்பேட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் எண்ணெயை நேரடியாகவே ஆக்சிஜனேற்றம் செய்கின்றன. பெர்மாங்கனேட் சில தொழிற்சாலைக் கரைப்பான்களுக்கு நல்ல மருந்து; பென்சீனை அது ஏறத்தாழத் தொடுவதே இல்லை என்பதால், பெட்ரோல் கசிந்த இடத்துக்கு அதைப் பரிந்துரைப்பவரிடம் காரணம் கேட்க வேண்டும். ஹைட்ரஜன் பெராக்சைடு வேகமாக வினைபுரிந்து வெப்பத்தையும் வாயுவையும் உண்டாக்கும். மிதக்கும் எண்ணெய் இருக்கும் இடத்திலும் வீட்டு அடித்தளத்துக்கு அருகிலும் அதைப் பயன்படுத்தக் கூடாது. சுன்னாகம் போன்ற சுண்ணாம்புக் கல் நிலத்தில் கார்பனேட்டுகளே பெராக்சைடின் வினைத்திறனைப் பெருமளவு விழுங்கிவிடும். செலுத்தும் கரைசலும் பொந்துகள் வழியாக யாரும் எதிர்பாராத கிணற்றுக்குப் போய்ச் சேரலாம்.

ஆக்சிஜன் இல்லாமலும் பென்சீனைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் உண்டு. அவை நைட்ரேட், இரும்பு, சல்பேட் ஆகியவற்றைக் கொண்டு மூச்சுவிடுகின்றன. ஆகையால் ஜிப்சம் அல்லது மக்னீசியம் சல்பேட்டை அளவோடு சேர்த்து அவற்றின் வேலையை முடுக்கலாம். மெதுவான முறை என்றாலும் செலவு குறைவு. வீடுகளுக்கு ஆபத்தும் குறைவு. கடலோர நீரில் இயல்பாகவே சல்பேட் இருக்கக்கூடும் என்பதால், வாங்குவதற்கு முன் அளந்து பார்க்க வேண்டும்.

கரைந்து நகரும் மாசைக் கண்காணித்தல்

மூலத்தை அடக்கிவிட்டால், கரைந்து நகரும் பகுதியை நுண்ணுயிர்களே நாளடைவில் சுருக்கிவிடுவது வழக்கம். ஆனால் இயற்கை பார்த்துக்கொள்ளும் என்று கைகழுவுவதற்கும் கண்காணிப்போடு காத்திருப்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. பின்னதில், மாசின் நடுவிலும் ஓரத்திலும் அதைத் தாண்டியும் கிணறுகள் இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பென்சீனோடு, கரைந்த ஆக்சிஜன், நைட்ரேட், கரைந்த இரும்பு, சல்பேட், மீத்தேன் ஆகியவற்றையும் அளக்க வேண்டும். மாசின் நடுவே ஆக்சிஜனும் சல்பேட்டும் குறைந்து, இரும்பும் மீத்தேனும் ஏறியிருந்தால் சிதைவு நடக்கிறது என்று பொருள். பென்சீன் மட்டும் குறைந்து மற்றவை மாறாமலிருந்தால் வெறும் நீர்த்துப்போதலாக இருக்கலாம்.

இந்தியப் பெட்ரோலில் இப்போது 20 சதவீத எத்தனால் சேர்க்கப்படுகிறது. எத்தனால் நீரில் முழுமையாகக் கரைவது; நுண்ணுயிர்களுக்கு மிகவும் பிடித்த உணவும்கூட. அவை ஆக்சிஜனை எல்லாம் எத்தனால்மீது செலவிட்டுவிடுவதால் பென்சீன் சிதையாமல் இன்னும் தொலைவு நகரக்கூடும், மீத்தேனும் அதிகமாக உருவாகும். ஆகவே எத்தனால் கலக்காத காலத்து அனுபவத்தை வைத்து, மாசு இத்தனை மீட்டரில் நின்றுவிடும் என்று எவரும் உறுதி கூறினால் அதை அளவீட்டால் சரிபார்க்க வேண்டும்.

மாதிரி எடுக்கும் முறையில் சிறு கவனக்குறைவும் பென்சீனைப் பறக்கவிட்டுவிடும். குப்பியில் ஒரு காற்றுக்குமிழிகூட இல்லாமல் நிரப்பி, அமிலம் சேர்த்து, பனிக்கட்டியில் வைத்து, 14 நாள்களுக்குள் ஆய்வகத்தில் சோதித்துவிட வேண்டும். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலில் பாதியளவு பிடித்து வெயிலில் கொண்டுபோன மாதிரியின் முடிவுக்கு எந்த மதிப்பும் இல்லை. அது சுத்தம் என்று காட்டினால் தெருவாசிகள் அதை ஏற்காமல் மறுபரிசோதனை கோர வேண்டும்.

எப்போது நிறுத்தலாம்

கருவிகள் ஓடும்போது எடுத்த மாதிரி நல்ல முடிவையே காட்டும். நிறுத்திவிட்டுச் சில மாதம் கழித்து அளந்தால், மண்ணில் சிக்கிய எண்ணெயிலிருந்து மீண்டும் கரைந்து செறிவு ஏறுவது அடிக்கடி நடக்கிறது. எனவே எல்லாவற்றையும் நிறுத்திய பிறகு, ஒரு முழுக் கோடையும் ஒரு முழு வடகிழக்குப் பருவமழையும் கடந்து, இரண்டு காலத்திலும் வரம்புக்குள் இருந்தால்தான் முடிவு பற்றிப் பேசலாம். என்னைக் கேட்டால், இரண்டு ஆண்டுச் சுழற்சியைப் பார்க்காமல் எந்தச் சான்றிதழிலும் கையெழுத்திடக் கூடாது. எண்ணெய்ப் பட்டையிலிருந்து புதிதாக மண் மாதிரிகளையும் எடுத்து, முதலில் வரைந்த குறுக்குவெட்டுப் படத்தோடு ஆழத்துக்கு ஆழம் ஒப்பிட வேண்டும். வீடுகளின் தரைக்கடிக் காற்றிலும் பென்சீனை அளந்து, அந்தந்த வீட்டாருக்கே முடிவைத் தமிழில் எழுதித் தர வேண்டும்.

அதன் பின்னரும் ஒரு வேலை எஞ்சுகிறது. சோதனைக்காகவும் சிகிச்சைக்காகவும் நட்ட குழாய்களை அப்படியே விட்டுவிட்டால், அடுத்த கசிவோ சாக்கடை நீரோ நேராக நிலத்தடி நீருக்குள் இறங்க அவையே வழியாகிவிடும். ஆகவே நீண்டகாலக் கண்காணிப்புக்கு வேண்டிய சிலவற்றைப் பூட்டிய மூடியோடு வைத்துக்கொண்டு, மற்ற ஒவ்வொன்றையும் அடியிலிருந்து மேல்வரை சிமென்ட் அல்லது பென்டோனைட் களிக் குழம்பால் நிரப்பி அடைத்து, அவை இருந்த இடங்களைக் குறித்த வரைபடத்தை மாநகராட்சியிடமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமும் குடியிருப்போர் சங்கத்திடமும் ஆளுக்கொரு பிரதியாக ஒப்படைக்க வேண்டும்.